மருந்துக்குக் கேட்காத தலைவலி

"எத்தனையோ மருந்து சாப்பிட்டாயிற்று, ஒன்றுக்கும் கேட்கவில்லை." ஒற்றைத் தலைவலிக்காரர் வாயிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் அரிது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இதனை மண்டையிடி என்பார்கள். சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார்கள். நொச்சி இலையைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மூக்குக் கண்ணாடியை மாற்றுவார்கள். சைனஸ் என்று எக்ஸ்-ரே எடுப்பார்கள். பிறகு கடன் வாங்கியாவது ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதிக்குப் பதிலாக வருத்தமே மிஞ்சும். ஒன்றுமில்லை என்றால் இந்த வலி எங்கிருந்து வருகிறது?

இதை எழுதும் நான் மருத்துவன் அல்லேன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். பத்தொன்பதாம் வயதில் தொடங்கிய இத்தலைவலி பதினேழு ஆண்டுகளாக என்னுடன் இருக்கிறது. "ஒன்றுக்கும் கேட்கவில்லை" என்று நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் வகுப்பில் அளவைப் பிழைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாக்கியம் வெறும் புலம்பல் அன்று. அது ஓர் அளவையின் முடிவு. அப்படியானால் எதை அளந்தேன்? எத்தனை நாள் அளந்தேன்? எதனோடு ஒப்பிட்டேன்? ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவன் இப்படி முடிவெழுதிக் கொண்டுவந்தால் ரெக்கார்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

ஆகவே, நீண்டநாள் ஒற்றைத் தலைவலிக்குச் சிகிச்சை பலிக்கவில்லை என்று தோன்றும்போது உண்மையில் என்னென்ன நடந்திருக்கக்கூடும் என்பதை இங்கே பார்ப்போம். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரின் வேலை. அவரிடம் எதை எடுத்துக்கொண்டு போவது என்பது உங்கள் வேலை.

மூளையில் ஓர் அலை

முதலில் நோயை அறிவோம். ஒற்றைத் தலைவலி என்று பெயர் இருந்தாலும் அது எப்போதும் ஒரு புறமாகவே வருவதில்லை. சிலருக்கு இருபுறமும் வரும். மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். நாடித் துடிப்புப்போல் விண் விண்ணென்று தெறிக்கும். மாடிப்படி ஏறினால் கூடும். குமட்டலோ வாந்தியோ வரும். அல்லது வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமற்போகும். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் குறைந்தது 8 நாள் இவ்வகை வலி, இந்நிலை மூன்று மாதத்துக்கு மேல் தொடர்தல் - இதற்கு நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று பெயர்.

இது எத்தனை பேருக்கு வருகிறது? நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தில், பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை விசாரித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். 18 முதல் 65 வயது வரையுள்ளோரில் ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி கண்டவர்கள் சுமார் 25 சதவிகிதம். நால்வரில் ஒருவர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களுக்கும் பட்டணத்தாருக்கும் வரும் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கடைசிச் செய்தி புதியது. உலக அளவில் மனிதர்களைச் செயலற்றுக் கிடக்கவைக்கும் நோய்களின் பட்டியலில் இது இரண்டாவது என்று 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது. இளம்பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இதுவே முதலாவது.

சிலருக்கு வலிக்கு முன்பாகக் கண்ணில் ஒரு காட்சி தோன்றும். பார்வையின் நடுவே ஒரு மின்னும் புள்ளி. அது வளைந்த கோடாகி, கோட்டை மதிலைப்போல் கோணல்மாணலாக விரிந்துகொண்டே ஓரத்துக்குப் போகும். கோட்டுக்கு உட்புறம் பார்வை தெரியாது. இதை அளந்து எழுதியவர்களில் ஒருவர் பௌதிக மாணவர் எல்லோரும் அறிந்த ஜார்ஜ் பிடெல் ஏரி. நுண்துளை வழியே வரும் ஒளி வட்டத்துக்கு 'ஏரி வட்டு' என்கிறோமே, அந்த ஏரிதான். 1865-இல் தம் கண்ணில் தோன்றியதை அவர் எழுதினார்; டாக்டரான அவர் மகன் ஹியூபர்ட் ஏரி 1870-இல் அழகிய வண்ணப் படங்களுடன் விரிவாக எழுதினார்.

1941-இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலார் தம் கண்ணில் தோன்றிய கோட்டைத் தாளில் நிமிடத்துக்கு நிமிடம் வரைந்தார். பார்வைக்குரிய மூளைப் பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்று கணக்கிட்டார். 20 நிமிடத்தில் 60 மில்லிமீட்டர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1944-இல், பிரேசில் நாட்டு விஞ்ஞானி லியாவோ முயலின் மூளைப் பரப்பில் ஏறக்குறைய அதே வேகத்தில் ஊரும் ஓர் அலையைக் கண்டதாக வெளியிட்டார். கோடையில் காய்ந்த புல்லில் தீ பரவுவதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் மெல்லிய தீக்கோடு, பின்னால் கரிந்த வெளி. அதுபோல் முன்னால் நரம்பணுக்களின் கிளர்ச்சி, பின்னால் அவற்றின் மௌனம். 2001-இல் காந்த அதிர்வுப் படக் கருவியைக் கொண்டு மனித மூளையிலேயே இந்த அலையின் தடயத்தைப் பார்த்தார்கள். வேகம் நிமிடத்துக்குச் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். தாளும் பென்சிலும் கொண்டு லாஷ்லி போட்ட கணக்கு எவ்வளவு சரி!

வலி வருவது மூளையிலிருந்து அன்று. மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் வலி தெரியும். அங்கிருந்து முக்கிளை நரம்பு வழியாகச் செய்தி போகிறது. இரத்தக் குழாய் விரிவதுதான் நோய் என்று ஹரால்ட் வூல்ஃப் 1930-40களில் நிலைநாட்டிய கருத்து நெடுங்காலம் கோலோச்சியது. இன்று அது போதாது என்று தெரிந்துவிட்டது. அந்த நரம்பு முனைகள் கசியவிடும் சி.ஜி.ஆர்.பி. என்ற சிறு புரதம் வலிநேரத்தில் கழுத்துச் சிரை இரத்தத்தில் கூடியிருப்பதை கோட்ஸ்பி, எட்வின்சன் ஆகியோர் 1990-இல் காட்டினர். இத்துறைக்கு வழிகாட்டிய இவ்விருவருக்கும் மாஸ்கோவிட்ஸ், ஓலேசன் ஆகியோருக்கும் 2021-இல் 'மூளைப் பரிசு' அளிக்கப்பட்டது.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாதது ஏன் என்பது இப்போது விளங்கும். ஸ்கேன் காட்டுவது கட்டடத்தை. நோய் இருப்பது மின்சார ஓட்டத்தில். பெயரையே தவறாக வைத்துக்கொண்டால் மருந்து எப்படிக் கேட்கும்? அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், தமக்கு இருப்பது சைனஸ் தலைவலி என்று தாமாகவோ டாக்டர் சொல்லியோ நம்பியிருந்த 2,991 பேரைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 88 சதவிகிதத்தினர்க்கு இருந்தது ஒற்றைத் தலைவலியின் அடையாளங்களே. பலருக்குச் சிகிச்சை பலிக்காததன் முதற் காரணம் இதுதான்: அந்த நோய்க்கு அவர்கள் மருந்தே சாப்பிடவில்லை.

பாபநாசம் அணை எத்தனை அடி?

தாமிரபரணிப் பாசனத்தார் காலைப் பத்திரிகையைப் பிரித்ததும் பார்ப்பது அணைகளின் நீர்மட்டத்தை. பாபநாசம் அணையின் உச்ச அளவு 143 அடி. 60 அடியில் நிற்கும்போது இரண்டு நாள் நல்ல மழை பெய்தாலும் அணை வாங்கிக்கொள்ளும். 142 அடியில் நிற்கும்போது ஒரு சாரல் போதும், மதகைத் திறக்கவேண்டியதுதான்.

ஒற்றைத் தலைவலிக்காரரின் மூளையும் இப்படித்தான். தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் பிறப்பிலேயே வருவது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதிகம். தூக்கக் குறைவு, பட்டினி, வெயில், மாதவிலக்கு நாட்கள், மனக்கவலை, மணம், சத்தம் என்று பல ஓடைகள் வந்து சேர்ந்து மட்டத்தை உயர்த்துகின்றன. கோயில் கொடையை எண்ணிப்பாருங்கள். பகல் முழுதும் விரதம், இரவு முழுதும் வில்லுப்பாட்டும் நையாண்டி மேளமும், ஒலிபெருக்கி, சாம்பிராணிப் புகை, கண்ணைக் கூசும் விளக்குகள், விடியற்காலையில்தான் சாப்பாடு. எல்லா ஓடையும் ஒரே இரவில் அணைக்கு வருகின்றன. மறுநாள் எழமுடியாமற் கிடப்பவர் சாமி குற்றம் என்று அஞ்சவேண்டியதில்லை.

நேற்று வெயிலில் போனேன், ஒன்றும் ஆகவில்லை. இன்று போனேன், மண்டை பிளக்கிறது. ஆகவே வெயில் காரணமன்று என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழை என்பதை அணைக் கணக்கு காட்டிவிடும். நேற்று மட்டம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது.

நம் நாட்டுக்கே உரிய ஓடை ஒன்றையும் சொல்லவேண்டும். மும்பையைச் சேர்ந்த தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தால் ஒற்றைத் தலைவலி கிளம்புவதாகச் சொன்ன 94 நோயாளிகளைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்விதழில் எழுதினார். மேல்நாட்டுப் பாடநூல்கள் பேசாத விஷயம் இது. நீண்ட கூந்தலும் எண்ணெய்க் குளியலும் உள்ள இடத்தில்தானே இது கண்ணில் படும்! குறுக்குத்துறையில் ஆற்றில் முங்கிக் குளித்துவிட்டு ஈரத்தலையுடன் வெயிலில் நடந்து வருபவர்கள் சொல்லும் புகாரைப் 'பெண்பிள்ளைகளின் சாக்கு' என்று தள்ளியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஆனால் காரணம் தேடுவதில் ஒரு பெரும் பொறி இருக்கிறது. எனக்கு அல்வா ஆகாது என்று ஆறு ஆண்டுகள் நம்பியிருந்தேன். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவை விடுவது எளிய தியாகமன்று. சாயங்காலம் அல்வா தின்றால் இரவில் தலைவலி. கணக்குத் தவறாமல் இருந்தது. 2016-இல் ஜெர்மனியில் இருவர் செய்த ஓர் ஆய்வைப் படித்த பிறகே சந்தேகம் வந்தது. அவர்கள் ஒரே ஒரு நோயாளியை முப்பது நாள் தினந்தோறும் காந்த அதிர்வுக் கருவியில் படமெடுத்தார்கள். வலி தொடங்குவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பாகவே பசி, தூக்கம் ஆகியவற்றை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியின் செயலில் மாற்றம் தெரிந்தது. வலிக்கு முன் பலருக்குக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பின்மேல் ஓர் ஆசை தோன்றுவது இதனால் இருக்கலாம். அப்படியானால் அல்வா தின்றதால் தலைவலி வரவில்லை. தலைவலி வரப்போவதால் அல்வா தின்னத் தோன்றியது! ஆசை இல்லாத நாட்களில், தீர்மானமாக, பத்துத் தடவை தின்று பார்த்தேன். தலைவலி வந்தது ஒரே தடவை. இவ்வளவு இன்பமான பரிசோதனையை நான் வேறு செய்ததில்லை.

பூவா, தலையா?

இனி அளவைக்கு வருவோம். என் வகுப்பில் நாற்பது மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தை முப்பது தடவை சுண்டவேண்டும். ஒரு சுண்டல் ஒரு நாள். தலை விழுந்தால் தலைவலி நாள். பூ விழுந்தால் நல்ல நாள். சராசரி மாதத்துக்கு 15 தலைவலி. ஆனால் எல்லோருக்கும் 15 விழுவதில்லை. கணக்குப்படி, பத்துப் பேரில் ஒருவருக்கு 19 அல்லது அதற்கு மேல் விழும். பத்தில் ஒருவருக்கு 11 அல்லது அதற்குக் கீழே. எங்கள் வகுப்பில் நால்வருக்கு 19-ம் அதற்கு மேலும் விழுந்தது.

அந்த நால்வரையும் 'நோயாளிகள்' என்று முன்னே அழைத்து, ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி தின்னக் கொடுத்து மறுபடியும் முப்பது தடவை சுண்டச் சொன்னேன். விழுந்த தலைகள் 14, 17, 15, 12. நால்வருக்கும் தலைவலி குறைந்துவிட்டது! கருப்பட்டி கைகண்ட மருந்து என்று வகுப்பு ஆரவாரித்தது. மூன்றாம் முறை கருப்பட்டி தின்றே சுண்டினார்கள். இருவருக்கு மீண்டும் ஏறிற்று. "முதலில் கேட்டது, இப்போது கேட்கவில்லை" என்று ஒரு மாணவன் கூவினான். வேண்டுமென்றுதான் சொன்னானோ, தெரியாது. ஆனால் அதுவே நான் காத்திருந்த வாக்கியம்.

இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு இதனை விளக்கினார். நாம் புது டாக்டரைத் தேடிப்போவது எப்போது? வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில். மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் அப்போதே. உச்சத்துக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான். எதைச் செய்தாலும் பலித்ததுபோல் தோன்றும். பின்னர் பழைய சராசரிக்கே வந்ததும் மருந்து 'தோற்றுவிடுகிறது'. இப்படிப் பத்து மருந்து வெற்றிபெற்றுப் பத்தும் தோற்றால் மனிதன் நம்பிக்கையிழக்காமல் என்ன செய்வான்?

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. உண்மையாகவே வேலைசெய்யும் மருந்து ஒன்று 15 நாளை 11 நாளாகக் குறைக்கிறது என்று கொள்வோம். ஒரே மாதத்தைப் பார்த்தால் அந்த நான்கு நாள் வித்தியாசம் இயற்கையான ஏற்ற இறக்கத்தில் மறைந்துவிடும். நாணயத்தைப்போல் அல்லாமல் நிஜத் தலைவலி கொத்துக் கொத்தாக வருவதால் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். நம் ஞாபகமோ நல்ல நாட்களை எண்ணுவதில்லை. பட்ட நாளைத்தான் எண்ணுகிறது. நல்ல மருந்து கைவிடப்படுவது இப்படித்தான். மூன்று மாதச் சராசரியை எடுத்தால் பிழை ஏறக்குறைய 1.7 மடங்கு சுருங்கும். ஆகவே மருந்துக்கு முன் ஒரு மாதமாவது, மருந்தோடு மூன்று மாதமாவது எழுதிவைக்காமல் கேட்டது, கேட்கவில்லை என்று சொல்வதற்கு நமக்கு உரிமை கிடையாது.

மாத்திரையே வலியாகும்போது

இவ்வளவு நியாயம் பேசும் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முப்பத்தொன்றாம் வயதில் தலைவலி மாதம் இருபது நாளைத் தாண்டிற்று. பரீட்சை மேற்பார்வைக்குப் போகும் முன் 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஒரு மாத்திரை. மாலையில் ஒன்று. மருந்துக்கடையில் பெயரைச் சொன்னால் பட்டையாகக் கொடுத்துவிடுவார்கள். கடைசியில் ஒரு டாக்டர், "வலி எத்தனை நாள் என்று கேட்கவில்லை, மாத்திரை எத்தனை நாள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். எழுதினேன். வலி 21 நாள். மாத்திரை 19 நாள்.

வலியைப் போக்கும் மருந்தே அளவு மீறினால் வலியை வளர்க்கும். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் வகை, எர்காட் வகை, காஃபினும் பிறவும் கலந்த கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் உண்பவருக்கு இந்த அபாயம் உண்டு. மாத்திரைகளின் எண்ணிக்கையன்று, மாத்திரை உண்ட நாட்களின் எண்ணிக்கையே கணக்கு. மூட்டுவலிக்காகத் தினமும் வலிமாத்திரை உண்பவர்களில், முன்பே தலைவலி நோய் இல்லாதவர்களுக்கு இது வருவதில்லை. ஆகவே குறை மாத்திரையில் மட்டுமில்லை; நம் மூளையின் இயல்போடு அது சேர்வதில் இருக்கிறது. அணை உவமையில் சொன்னால், ஒவ்வொரு மாத்திரையும் இன்றைய வெள்ளத்தை வடித்துவிட்டு, நாளைக்கு அணையின் உயரத்தை ஓர் அங்குலம் குறைத்துவிடுகிறது.

இந்நிலையில் எந்தத் தடுப்பு மருந்தும் முழுப்பலன் காட்டாது போகலாம். நிறுத்தினால் முதல் சில நாட்கள், பத்து நாள் வரைக்கும்கூட, வலி முன்னைவிடக் கடுமையாக இருக்கும். அதைத் தாண்டினால் இரண்டு மாதத்துக்குள் பலருக்குக் குறைகிறது. இதனை டாக்டரின் துணையோடு செய்யவேண்டும். அபின் வகை மாத்திரை, தூக்க மாத்திரை உண்பவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எனக்கு அந்த முதல் வாரம் நரகம். வீட்டில் எல்லோரும் காலடிச் சத்தம் கேளாமல் நடந்தார்கள். இரண்டாம் மாதம் வலி நாட்கள் 12.

எது தோல்வி?

ஐரோப்பியத் தலைவலி மருத்துவர் சங்கம் 2020-இல் ஒரு வரையறை தந்தது. மருந்துக்கு 'எதிர்த்து நிற்கும்' ஒற்றைத் தலைவலி என்று சொல்லவேண்டுமானால், குறைந்தது மூன்று வெவ்வேறு வகைத் தடுப்பு மருந்துகள் தோற்றிருக்கவேண்டும்; அதன் பின்னும் மாதத்தில் 8 நாளாவது முடக்கும் வலி, தொடர்ந்து மூன்று மாதமேனும் இருக்கவேண்டும். ஒரு மருந்து தோற்றது என்பதற்கும் நிபந்தனை உண்டு: சரியான அளவில் இரண்டு மாதமாவது உண்டிருக்கவேண்டும், அல்லது அதன் பக்கவிளைவு தாங்கமுடியாததாக இருந்திருக்கவேண்டும். வெற்றி என்பதும் வலி பூஜ்யமாவது அன்று. வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே சிறந்த வெற்றி என்று கொள்கிறார்கள். நான் முதல் தடுப்பு மருந்தைப் பன்னிரண்டாம் நாளில் தூக்கியெறிந்துவிட்டு, மருந்து தோற்றது என்று ஊரெல்லாம் சொன்னவன்.

தடுப்பு மருந்துகளில் பல, வேறு நோய்க்காக வந்தவை. இதயத்துக்காக ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்த புரோப்ரனலால், உண்டவர்களின் தலைவலியையும் குறைத்தது என்பதை 1966-இல் கவனித்தார்கள். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், வலிப்புக்கான டோபிராமேட் ஆகியவையும் அப்படியே. இவை விலை மலிந்தவை. ஆனால் ஆஸ்துமாக்காரருக்குப் புரோப்ரனலால் ஆகாது. கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்களுக்கு வால்புரோயேட் கூடாது, டோபிராமேட்டும் கருவுக்குக் கேடு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் கொண்டு மருந்து வாங்கவேண்டாம். 2010-இல் அமெரிக்காவில் நாட்பட்ட நோய்க்கு அனுமதிக்கப்பட்ட போட்டுலினம் ஊசி, 2018 முதல் வந்த சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிகள் ஆகியவை பழைய மருந்து பலிக்காத பலருக்கு உதவுகின்றன. விலைதான் நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது.

வலி வந்தபின் உண்ணும் மாத்திரை பலிக்காததற்கு ஒரு சிறு காரணம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. ஒற்றைத் தலைவலியின்போது இரைப்பை மந்தமாகிவிடுகிறது. மாத்திரை உள்ளே போயும் வயிற்றிலேயே கிடக்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, தலைவாரினாலே முடி வலிக்கும் நிலை வந்தபின் உண்டால் பயன் குறைவு. அளவோடு உண்ணவேண்டும், உண்ணும் நாளில் தாமதிக்காமல் உண்ணவேண்டும். இரண்டும் முரண்போல் இருந்தாலும் முரண் அன்று. எந்த வலி உண்மையில் வளரப்போகிறது என்று அறிய நாட்குறிப்பு பழக்கிவிடும்.

அமெரிக்காவில் நாட்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 26 சதவிகிதத்தினர்க்கு வலி மாதம் 10 நாளுக்கும் குறைவாக இறங்கியிருந்தது. 34 சதவிகிதத்தினர் அந்நிலையிலேயே நின்றனர். மற்றவர்கள் இடையே ஊசலாடினர். பொய் நம்பிக்கை தராத எண்கள் இவை, அவநம்பிக்கைக்கும் இடமில்லை.

வலியோடு வேலை

எல்லாம் சரியாகச் செய்தும் வலி எஞ்சுபவர்கள் உண்டு. அவர்களுக்கு முதல் எதிரி வெளிச்சம். பாஸ்டன் நகரில் நோசேடா, பர்ஸ்டீன் ஆகியோர் 2010-இல் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பார்வையிழந்த ஒற்றைத் தலைவலிக்காரர்களில் ஒளியை ஓரளவு உணரக்கூடியவர்களுக்கு, உருவம் எதுவும் தெரியாவிட்டாலும், வெளிச்சம் வலியைக் கூட்டியது. விழித்திரையில் உருவம் பார்ப்பதற்கல்லாத அணுக்கள் சில உண்டு. நீல ஒளிக்கு, சுமார் 480 நானோமீட்டர் அலைநீளத்துக்கு, அவை மிகவும் வசப்படும். அவற்றின் நரம்பிழைகள் தலாமஸ் பகுதியில் வலி நரம்புகளோடு கலக்கின்றன. 2016-இல் அவர்களே நிறம் நிறமாகச் சோதித்தபோது மங்கிய பச்சை ஒளி மட்டும் மற்றவற்றைவிடக் குறைவாக வலித்தது. நடவு முடிந்த சேரன்மகாதேவி வயல்களைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் போனால் வலி அடங்குவதாக என் தாயார் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நான் வாதாடமாட்டேன். ஜன்னலோர இடத்தை மட்டும் அவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பேன். வெயிலில் தொப்பியும் குடையும் நிறக்கண்ணாடியும் நல்லவை. வீட்டுக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி அணிந்தால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமும் கூசத் தொடங்கும்.

யோகாசனம் உதவுமா என்று பலர் கேட்கிறார்கள். புதுடில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2020-இல் வெளியிட்ட சோதனையில் 114 பேர் மூன்று மாதம் முடித்தார்கள். மருந்து மட்டும் உண்டவர்களைவிட மருந்தோடு யோகமும் செய்தவர்களுக்கு வலியும் மாத்திரையும் அதிகம் குறைந்தன. 'யோகம் செய்கிறேன்' என்று செய்பவருக்குத் தெரியும் என்பதால் இதில் மன எதிர்பார்ப்பின் பங்கைப் பிரிக்கமுடியாது. ஆயினும் மருந்துக்குப் பதிலாக அன்று, மருந்தோடு சேர்த்து என்பதைக் கவனியுங்கள். தினமும் ஒரே நேரத்தில் தூங்குவதும் எழுவதும் உண்பதும் யோகத்தைவிடக் கடினமான யோகம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட நேரம் தூங்கி எழுந்து தலைவலியோடு தவித்தவர்களுக்கு இது தெரியும்.

எல்லாத் தலைவலியையும் ஒற்றைத் தலைவலி என்று விட்டுவிடவும் கூடாது. இடி விழுந்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்கு வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைத்து வரும் வலி, கைகால் சோர்வோ பேச்சுக் குழறலோ உடன் வரும் வலி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, தலையில் அடிபட்டபின் வரும் வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, கர்ப்பகாலத்தில் புதிதாக வரும் கடும் வலி - இவற்றுக்கு நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கடைசியாக என் நோட்டைப் பற்றி. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. நீளவாக்கில் நான்கு கோடு கிழித்து ஐந்து கட்டங்கள்: தேதி, வலி, 0 முதல் 3 வரை ஓர் எண், எத்தனை மணி நேரம், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, அன்று வேலைக்குப் போனேனா, படுத்தேனா. எழுத அரை நிமிடம் ஆகும். வலியில்லாத நாளிலும் 0 என்று எழுதவேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். டாக்டர் மூன்று மாதத்தை இரண்டு நிமிடத்தில் படித்துவிடுகிறார். சென்ற ஆண்டு என் சராசரி மாதம் 7 நாள். 'ஏன் வந்தது' என்று ஆறாவது கட்டம் ஒன்றும் முதலில் வைத்திருந்தேன். அல்வா விஷயம் தெளிந்த பிறகு அதை அடித்துவிட்டேன்.